ஒன்பது நிமிடம் பார்த்தும் தெரியாத முழங்கால்

2015 அக்டோபர் 31 இரவு. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் மயாமி பல்கலைக்கழகத்துக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஆறு விநாடி பாக்கி. டியூக் அப்போதுதான் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டு 27–24 என்று முன்னால் போயிருந்தது. இனி ஒரே ஒரு உதை. பந்தை எடுக்கும் மயாமி வீரரைக் கீழே சாய்த்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

சாய்க்க முடியவில்லை. கார்ன் எல்டர் என்பவர் பந்தை எடுத்தார். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் இன்னொருவரிடம் எறிந்தார். அவர் மற்றொருவரிடம் எறிந்தார். முன்பக்கம் எறியக்கூடாது, பின்பக்கமோ பக்கவாட்டிலோ எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம் என்பது விதி. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும் நடந்துகொண்டிருக்கும் ஓட்டம் முடியும்வரை ஆட்டம் முடியாது. எட்டு முறை கைமாறிய பந்து கடைசியில் மறுபடி எல்டரிடமே வந்தது. அவர் ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார், எல்லையைத் தாண்டினார். பின்னால் புல்தரையில், விதிமீறல் என்று நடுவர் எறிந்த மஞ்சள் கொடி ஒன்று கிடந்தது.

காணொளியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் மறுஆய்வு (ரீப்ளே) ஏறக்குறைய ஒன்பது நிமிடம் நீண்டது. அதற்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டார்கள். மயாமி வீரர் ஒருவரைப் பிடித்து இழுக்கிறார்கள், அவர் விழுந்துகொண்டிருக்கிறார், பந்து இன்னும் அவர் கையில் இருக்கிறது, முழங்கால் புல்லில் பட்டுவிட்டது. கல்லூரிக் கால்பந்தின் விதிப்படி, பந்து வைத்திருப்பவரின் கையும் பாதமும் தவிர உடம்பின் எந்தப் பாகம் தரையில் பட்டாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. ஆக டியூக் வென்றுவிட்டது. ஆனால் தலைமை நடுவர் டச்டவுன் செல்லும் என்று அறிவித்தார். கொடியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மயாமி 30, டியூக் 27.

மறுநாள், இரு அணிகளும் சேர்ந்திருந்த ஏசிசி கூட்டமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. முழங்கால் தரையில் பட்டது உண்மை, ரீப்ளே நடுவர் தவறவிட்டார் என்றது. முதுகில் தள்ளிய ஒரு தவறுக்குக் கொடி காட்டியிருக்க வேண்டும். ஓட்டம் முடியும் முன்பே மயாமி வீரர் ஒருவர் ஓரத்திலிருந்து களத்துக்குள் வந்ததற்கும் தண்டனை கொடுத்திருக்க வேண்டும். விந்தை என்னவென்றால், ஊரே சந்தேகப்பட்ட அந்தக் கொடியைத் திரும்ப எடுத்தது மட்டும் சரியாம். களத்தில் இருந்த நடுவர் குழு முழுவதற்கும் ரீப்ளே நடுவருக்கும் இரண்டு ஆட்டத் தடை விதித்தார்கள். ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறவில்லை. மயாமி ரசிகர்களைக் கேட்டால், அன்று தங்கள் அணிமீது 23 தண்டனைகள் சுமத்தப்பட்டதைச் சொல்லி, கணக்கு நேராகிவிட்டது என்பார்கள்.

இந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் ‘எல்லாருக்கும் தெரிந்தது அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?’ என்றுதான் கேட்கிறார்கள். டர்ஹாமுக்கு அந்தக் கேள்வி பொருந்தலாம். ஆனால் கல்லூரிக் கால்பந்தின் ரீப்ளே சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. ஏனென்றால் ரீப்ளே அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘என்ன நடந்தது?’ என்று விதிப்புத்தகம் கேட்பதே இல்லை. ‘களத்தில் நின்றவர் சொன்னது தவறு என்று துளி ஐயமும் இல்லாமல் காட்ட முடியுமா?’ என்றுதான் கேட்கிறது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கால்பந்து விதிகளில் 12ஆவது பிரிவு ரீப்ளேக்கானது. களத்தில் கொடுத்த தீர்ப்பு சரி என்பதுதான் அதன் அடிப்படை அனுமானம். மறுக்கவே முடியாத காணொளிச் சான்று இருந்தால் மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மேல்முறையீட்டில் பார்ப்பது போலத்தான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. பந்து ஸ்டம்பை உரசும் என்று திரை காட்டும்போதும் ‘அம்பயர்ஸ் கால்’ என்று நாட் அவுட் கொடுக்கும்போது வரும் எரிச்சல் இதே வகையைச் சேர்ந்தது. தாழ்வான கேட்சுகளுக்குக் கள நடுவர் முன்கூட்டியே ஒரு கருத்துச் சொல்லும் ‘சாஃப்ட் சிக்னல்’ வழக்கத்தை ஐசிசி 2023இல் கைவிட்டது. கல்லூரிக் கால்பந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு சாஃப்ட் சிக்னல்தான்.

ரீப்ளே இங்கே வந்தது தாமதமாக. 2004இல் பிக் டென் கூட்டமைப்பு சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2006இல் அது விதியாகி, பயிற்சியாளர் தன் டைம்-அவுட் ஒன்றைப் பணயம் வைத்து முறையிடும் உரிமையும் சேர்ந்தது. மற்றபடி, அரங்கின் மேல்தளத்து அறையில் இருக்கும் ரீப்ளே நடுவர் ஒவ்வொரு முயற்சியையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐயம் வந்தால் அவரே ஆட்டத்தை நிறுத்துவார். அவர் பார்ப்பது பெரும்பாலும் தொலைக்காட்சி நிறுவனம் எடுக்கும் படங்களைத்தான். பெரிய ஆட்டத்துக்குக் கேமராக்கள் நிறைய வரும், சிறிய ஆட்டத்துக்குக் கொஞ்சம் வரும். அதனால் ஒரே விதி எல்லா ஊரிலும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கல், நடுவர்கள் யாருடைய ஆட்கள் என்பது. விதியை எழுதுவது என்சிஏஏ. நடுவர்களை அமர்த்துவது, பயிற்றுவிப்பது, தண்டிப்பது எல்லாம் பிக் டென், எஸ்இசி, ஏசிசி, பிக் 12 போன்ற கூட்டமைப்புகள். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட அமைப்புகள் இவை, ஒன்றுக்கொன்று போட்டி. ஒரு கூட்டமைப்பின் அணி இன்னொரு கூட்டமைப்பின் ஊருக்குப் போய் ஆடும்போது விசில் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி சும்மா வருவதில்லை.

2006 செப்டம்பர் 16 அன்று ஓரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் அந்தக் கேள்வி வெடித்தது. ஆட்சன் அரங்கில் ஓரிகானும் ஓக்லஹோமாவும். ஓக்லஹோமா 33–20 என்று முன்னிலை. கடைசி 1 நிமிடம் 12 விநாடி இருக்கும்போது ஓரிகான் ஒரு டச்டவுன் போட்டு 33–27 ஆக்கியது. இனி பந்தை எதிரணியிடம் கொடுத்தால் ஆட்டம் போய்விடும். எனவே பந்தைச் சிறிதாக உதைத்துத் தாங்களே பாய்ந்து எடுக்கப் பார்த்தார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எதிரணி தொடாதவரை, பந்து 10 கஜம் போகும் முன்னால் உதைத்த அணி அதைத் தொடக்கூடாது. ஓரிகான் வீரர் தொட்டுவிட்டார். தொட்டது மட்டுமல்ல, வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் குவியலுக்கு வெளியே ஓக்லஹோமா வீரர் ஒருவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்! நடுவர்கள் பந்து ஓரிகானுக்கு என்றார்கள். ரீப்ளே பார்த்தார்கள். தீர்ப்பு மாறவில்லை. 46 விநாடி இருக்கும்போது ஓரிகான் மறுபடி டச்டவுன் போட்டு 34–33 என்று வென்றது. ஓக்லஹோமாவின் கடைசி உதையையும் தடுத்துவிட்டார்கள்.

ஓரிகான் சேர்ந்திருந்த பாக்-10 கூட்டமைப்பின் ஆணையர் டாம் ஹேன்சன் மன்னிப்புக் கேட்டார். ரீப்ளே நடுவர் உட்படக் குழு முழுவதற்கும் ஒரு ஆட்டத் தடை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அந்த ஆட்டத்தைப் பதிவிலிருந்தே நீக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். முன்னாள் செனட்டர், கடிதத்தின் தோரணை அப்படித்தான் இருக்கும். நீக்கவில்லை. தன் ஊர் ஆட்டங்களுக்குத் தன் நடுவர்கள்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பாக்-10 பிறகு தளர்த்தியது. நடுவில் அகப்பட்டவர் அந்த ரீப்ளே நடுவர். அவர் வீட்டுக்கு மிரட்டல் தொலைபேசிகள் வந்தன. அந்தப் பருவம் முழுவதும் விடுப்பில் போய்விட்டார். வீட்டிலிருந்தவர்கள் பார்த்த கோணங்கள் எல்லாம் தன் திரைக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். அதை நான் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட மாட்டேன். நமக்குத் தொலைக்காட்சி இயக்குநர் நல்ல கோணத்தைப் பொறுக்கி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்; விமர்சகர் விரலை வைத்து ‘இதோ’ என்கிறார். மேலே அறையில் இருப்பவர் மௌனப் படங்களை ஓட்டி ஓட்டித் தானே தேட வேண்டும், கீழே ஐம்பதாயிரம் பேர் கூச்சலிட.

யூஜீனும் டர்ஹாமும் சுலபமானவை. பதில் இருந்தது, பார்க்கவில்லை. பதிலே இல்லாதவைதான் கஷ்டம். 2016 நவம்பர் 26, கொலம்பஸ் நகரம், ஒஹாயோ ஸ்டேட் அணிக்கும் மிச்சிகனுக்கும் நூற்றாண்டுப் பகை. இரண்டாவது கூடுதல் நேரத்தில் மிச்சிகன் 27–24 என்று முன்னால் இருக்க, 10 கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கே முயற்சி; ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இது நான்காவது, இன்னும் ஒரு கஜம் தேவை. கிடைக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஜே.டி. பாரெட் பந்தை அணைத்துக்கொண்டு ஓடினார், தடுத்தார்கள், தன் அணிக்காரரின் முதுகிலேயே மோதி விழுந்தார். ஓரத்திலிருந்து ஓடி வந்த நடுவர் தன் பாதத்தை வைத்து ‘பந்து இதுவரை’ என்று குறித்தார். போதும் என்றார்கள். அடுத்த ஓட்டத்தில் கர்ட்டிஸ் சாமுவேல் டச்டவுன், 30–27.

அந்தப் பாத அடையாளம் சரியா என்று ரீப்ளேயில் பார்த்தார்கள். என்ன தெரியும்? பந்து பாரெட்டின் வயிற்றுக்கும் கைக்கும் நடுவே. அவரைச் சுற்றி மலைபோல் உடம்புகள். கேமரா கோட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக இருந்தாலே பந்து அரை அடி முன்னாலோ பின்னாலோ தெரியும். எட்ட வேண்டிய தூரத்தைக் காட்டத் திரையில் தெரியும் மஞ்சள் கோடோ தொலைக்காட்சிக்காரர்கள் வரைவது. அதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. எனவே கள நடுவரின் பாதமே நின்றது. அவர் அதைக் கையகலம் பின்னால் வைத்திருந்தால், அதே ரீப்ளே அதையும் நிறுத்தியிருக்கும், மிச்சிகன் வென்றிருக்கும். மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களைக் கடுமையாகச் சாடினார். கூட்டமைப்பு அவரைக் கண்டித்து, பல்கலைக்கழகத்துக்கு 10,000 டாலர் அபராதம் போட்டது. மிச்சிகன்காரர்கள் இன்றைக்கும் ‘அந்த இடம்’ என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

மூன்று ஆண்டு கழித்து அதே ஒஹாயோ ஸ்டேட் கதையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தது. 2019 டிசம்பர் 28, ஃபியஸ்டா போல் எனப்படும் ஆட்டம், தேசிய அரையிறுதி, எதிரே கிளெம்சன். மூன்றாவது கால்பகுதியில் கிளெம்சனின் ஜஸ்டின் ராஸ் பந்தைப் பிடித்தார். ஜெஃப் ஒகூடா அதைத் தட்டிப் பறித்தார். ஜோர்டன் ஃபுல்லர் கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன். களத்தில் தீர்ப்பு: பிடித்தார், நழுவவிட்டார், டச்டவுன். ரீப்ளே அதை மாற்றியது: அவர் பிடிக்கவே இல்லை. அப்போது 21–16 என்று கிளெம்சன் முன்னால் இருந்தது. கடைசியில் 29–23 என்று வென்றது. பந்து முழுதாக வசப்பட்டு, பிறகு வழக்கமான ஒரு அசைவைச் செய்யும் அளவுக்கு நேரம் இருந்தால்தான் ‘பிடித்தது’ ஆகும். அந்த ‘அளவுக்கு நேரம்’ என்பதைக் காட்சியை மெதுவாக ஓட்டி எப்படி அளப்பது? மெதுவாக ஓட்டினால் ராஸ் மூன்று அடி எடுத்து வைப்பது பொறுமையாகத் தெரிகிறது. வேகமாக ஓட்டினால் பட்டும் படாமல் நழுவியது போல இருக்கிறது. இரண்டும் ஒரே படம். எனக்குத் தோன்றுவது: ‘பிடிக்கவில்லை’ என்று களத்தில் சொல்லியிருந்தால் அதையும் மாற்றியிருக்கக் கூடாது, ‘பிடித்தார்’ என்று சொன்ன பிறகு இதையும் மாற்றியிருக்கக் கூடாது. நேர்மையான ஐயம் என்பது அதுதான்.

ஐயத்தைச் சொல்ல இந்த ஆட்டத்தில் நல்ல சொல் ஒன்று இருந்தது. தலைமை நடுவர் ஒலிபெருக்கியில் மூன்றில் ஒன்றைச் சொல்வார். தீர்ப்பு உறுதியானது; தீர்ப்பு நிற்கிறது; தீர்ப்பு மாற்றப்பட்டது. முதலாவதற்கு, சரி என்று படத்திலேயே தெரிகிறது என்று அர்த்தம். இரண்டாவதற்கு, சரியா தவறா எங்களுக்குத் தெரியவில்லை, அதனால் முதலில் சொன்னதே இருக்கட்டும் என்று அர்த்தம். எழுபதாயிரம் பேருக்கு முன்னால், நேரலையில், அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது? 2025 பருவத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இனி இரண்டுதான்: ஏற்கப்பட்டது, மாற்றப்பட்டது. குழப்பம் குறையும் என்பது காரணம். குறைந்தது குழப்பமல்ல, தகவல் என்பேன்.

நிரூபிக்க வேண்டிய இந்தச் சுமை தலைகீழாக இருக்கும் ஒரே இடம் ‘டார்கெட்டிங்’. எதிராளியின் தலையையோ கழுத்தையோ குறிவைத்து மோதுவது. 2013இலிருந்து இதற்கு 15 கஜத் தண்டனையோடு வெளியேற்றமும் உண்டு. முதல் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது: ரீப்ளேயில் குற்றமில்லை என்று தெரிந்தால் வீரர் திரும்பி வரலாம், ஆனால் 15 கஜம் மட்டும் போனது போனதுதான். மறுஆண்டே திருத்தினார்கள். 2016இல், கீழே யாரும் கொடி காட்டாவிட்டாலும் மேலேயிருந்து டார்கெட்டிங் சொல்லலாம் என்றானது. 2019இல் இன்னும் ஒருபடி போய், காணொளி உறுதிப்படுத்தாவிட்டால் குற்றமே இல்லை என்று ஆக்கினார்கள். இங்கே கள நடுவரின் சொல்லுக்குத் தனி எடை கிடையாது. அப்படியானால் சண்டை ஓய்ந்ததா? 2025 ஜனவரி 1, பீச் போல், தேசியக் காலிறுதி. 24–24 சமநிலை, ஆட்டம் முடியச் சுமார் ஒரு நிமிடம். அரிசோனா ஸ்டேட்டின் மெல்க்வான் ஸ்டோவல் பந்தைப் பிடித்த நொடியில் டெக்சாஸின் மைக்கேல் டாஃப் அவர்மீது மோதினார், தலைக்கவசத்தோடு தலைக்கவசம். அவர் தரையில் கிடந்தார். மேலே பார்த்தார்கள், டார்கெட்டிங் இல்லை என்றார்கள். கிடைத்திருந்தால் அரிசோனா ஸ்டேட் பந்தோடு முன்னேறியிருக்கும். டெக்சாஸ் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பின் 39–31 என்று வென்றது. நடுவர் தரம் நாடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிக் 12 ஆணையர் பிரெட் யோர்மார்க் குரல் கொடுத்தார். அவர் கூட்டமைப்பின் அணி தோற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கே படம் தெளிவாகவே இருந்தது. ‘குறிவைத்து’ என்பதற்கு என்ன பொருள் என்பதில்தான் தகராறு.

ரீப்ளேக்கு அதிகாரமே இல்லாத பரப்பும் பெரிது. பந்து வரும் முன் எதிராளியைத் தடுத்தாரா என்பது போன்ற தவறுகளை அது பார்க்கக்கூடாது. 2024 அக்டோபர் 19 அன்று ஆஸ்டினில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் டெக்சாஸ் மீது அப்படி ஒரு தண்டனை விழுந்தபோது மாணவர்கள் களத்துக்குள் பாட்டில்களை வீசினார்கள். குப்பையை அள்ளி முடிக்கும் நேரத்தில் நடுவர்கள் கூடிப் பேசித் தண்டனையை விலக்கிக்கொண்டார்கள். ஜார்ஜியா எப்படியும் 30–15 என்று வென்றது, டெக்சாஸுக்கு 250,000 டாலர் அபராதம். பாட்டில் மறுஆய்வு என்று ஒரு பிரிவு விதிப்புத்தகத்தில் இல்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு மயாமியில் வர்ஜீனியா டெக் கடைசி விநாடியில் எறிந்த நீண்ட பந்தை எல்லைப் பகுதியின் கோடியில் ஒரு குவியலுக்குள் பிடித்ததாக டச்டவுன் கொடுத்தார்கள். நீண்ட மறுஆய்வு, மாற்றப்பட்டது, மயாமி 38–34. எல்லைக்கு வெளியே கிடந்த ஒரு வீரரின் உடம்பில் பட்டுவிட்ட பந்து செத்த பந்து என்பது விளக்கம். எனக்கு அந்த முடிவு சரி என்றே படுகிறது, ‘மறுக்கவே முடியாத’ என்ற அளவுகோலைத் தாண்டியதா என்றால் தயங்குவேன். டர்ஹாமில் அடிபட்ட அதே ஏசிசிதான் இங்கும். ரீப்ளே அறைகளை ஓர் ஊரில் இருக்கும் மையத்தோடு இணைத்தும் பேச்சு ஓயாததால், 2025இல் தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களில் நடுவர்களின் ரீப்ளே உரையாடலையே நேரலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. இந்தத் திசையில் எடுத்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். தீர்ப்பு பிடிக்காவிட்டாலும், யார் எதைப் பார்த்துத் தயங்கினார்கள் என்பது காதில் விழுகிறது.

எது எப்படியானாலும், தலைமை நடுவர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்த பிறகு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 2016 செப்டம்பர் 10 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 என்று வென்றுவிட்ட ஆட்டத்தில், கடிகாரம் முடிந்த பிறகும் சென்ட்ரல் மிச்சிகனுக்குத் தவறுதலாக இன்னொரு முயற்சி கொடுத்தார்கள். அந்த முயற்சியில் தொலைதூரத்துக்கு எறிந்த பந்தைப் பிடித்தவர் இன்னொருவரிடம் தள்ள, அவர் கோட்டைத் தொட்டு 30–27. விதியை மறந்த கள நடுவர்களோடு, திருத்தும் வாய்ப்பிருந்தும் விட்ட ரீப்ளே குழுவுக்கும் இரண்டு ஆட்டத் தடை. தவறு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முடிவு நின்றது. 1990இல் மிசூரிக்கு எதிராக ஐந்தாவது முயற்சியில் டச்டவுன் போட்டு 33–31 என்று வென்ற கொலராடோவிடமும் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி களம் வழுக்கியது பற்றிப் பேசினார். விட்டுக்கொடுக்கவில்லை; அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காணொளி பார்த்து ஆட்ட முடிவே மாறியதும் ஒருமுறை நடந்திருக்கிறது, ரீப்ளே அறைகள் வருவதற்கு அறுபது ஆண்டுக்கும் முன்னால். 1940 நவம்பர் 16, நியூ ஹாம்ப்ஷயரின் ஹேனோவர் ஊர். தோல்வியே காணாமல் வந்த கார்னெல், கடைசி விநாடிகளில் டார்ட்மத்தை 7–3 என்று வென்றது. நடுவர் எண்ணிக்கை பிசகி ஐந்தாவது முயற்சி கொடுத்துவிட்டார் என்ற பேச்சு அன்றே கிளம்பியது. படச்சுருளைக் கழுவிப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நடுவர் ரெட் ஃப்ரீசல் தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் டே விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார். ஹேனோவருக்குத் தந்தி போனது. அடுத்த வாரம் கார்னெல் பென்சில்வேனியாவிடமும் தோற்றது. பதிவேட்டில் இன்றும் டார்ட்மத் 3, கார்னெல் 0.